வரதன் வாரம்

கும்மிடிப்பூண்டி
12.7.2024, வெள்ளி

பள்ளிக்கூடத்து டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பள்ளிச் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள லைன் வீடுகளில் மூன்றாம் எண்ணில் இருக்கிறேன். பெயர் வரதன். சிப்காட்டில் ஓர் உருக்கு ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். நேரில் வந்து பேசலாம் என்றால், நீங்கள் வரும் நேரம் நான் படுக்கிற நேரம். நான் எழும்போது நீங்கள் ரயிலுக்குப் போய்விடுகிறீர்கள். அதனால் உங்கள் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அஞ்சம்மாள் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரும் எங்கள் லைன்தான்.

இந்த வாரம் எனக்கு இரவு ஷிஃப்ட். பத்து மணிக்குப் போனால் காலை ஆறுக்கு விடுவார்கள். குளித்து, நாஷ்டா முடித்துப் படுக்க எட்டாகிறது. ஒன்பதே முக்காலுக்கு உங்கள் பிள்ளைகள் அந்தப் பீப்பியை எடுத்துவிடுகிறார்கள். ச, ரி, க, ம. மறுபடி ச, ரி, க, ம. அதில் ஒரு பிள்ளை தினமும் நான்காவது சுரத்தில் வழுக்குகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு, எப்போது வழுக்கும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்?

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். என் கிரேனில் தொங்குவது நெல் மூட்டை இல்லை டீச்சர், கொதிக்கிற இரும்புக் குழம்பு. நேற்று விடியும் நேரத்தில் ஒரு நொடி கண் அசந்துவிட்டேன். தொட்டி ஆடியது. கீழே நின்று எனக்குச் சைகை காட்டும் லோகு துள்ளி விலகினான். "இன்னா வரதா, தூங்கிக்கினு ஓட்டறியா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். லோகுவின் மகள் ஸ்நேகா உங்கள் பள்ளியில்தான் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

ஊதுவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மேலே எழுத வேண்டியிருக்கும்.

வரதன்



15.7.2024, திங்கள்

மதிப்பிற்குரிய வரதன் ஐயாவுக்கு,

என் பெயர் ரமீஸா. பழவேற்காட்டிலிருந்து வருகிறேன். உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை ரயிலில் படித்தேன். பொன்னேரியில் இறங்க மறந்து, மீஞ்சூர் வரை போய்த் திரும்பினேன்.

முதலில் நன்றி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இன்று ஸ்நேகா வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவில் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டேன்.

நீங்கள் பீப்பி என்று எழுதியிருப்பது மெலோடிகா. ஆர்மோனியக் கட்டை மாதிரி இருக்கும், குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வாசிக்க வேண்டும். தொழிற்சாலை ஒன்று எங்கள் பள்ளிக்குப் பன்னிரண்டு கொடுத்தது. எங்கள் வீட்டில் யாரும் வாத்தியம் தொட்டதில்லை. ஆசிரியர் பயிற்சி விடுதியில் தோழி மெர்சி தன்னுடையதைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தாள். அந்த இரண்டு வருடம் நான் அழாமல் படித்து முடித்தேன் என்றால் அதனால்தான்.

நான்காவது சுரத்தில் வழுக்குகிறவன் மணிகண்டன். ஜூன் மாதம் முழுக்க ஆறே நாள் பள்ளிக்கு வந்தவன். மெலோடிகா வந்த பிறகு ஒரு நாளும் விடவில்லை. அதனால் நிறுத்த என்னால் முடியாது. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கவும் முடியாது. உங்கள் ஷிஃப்ட் வரிசையை எழுதி அனுப்புங்கள். உங்களுக்கு இரவு வேலை உள்ள வாரத்தில் இங்கே ஒரு பிள்ளையும் ஊதாது. இது என் வாக்கு.

ரமீஸா



20.7.2024, சனி

ரமீஸா டீச்சருக்கு,

சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தவனுக்கு நன்றி சொல்லிக் கடிதம் வந்தால் அவன் என்ன செய்வான்? அஞ்சம்மாள் அக்காவை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். "இன்னாத்துக்கு வரதா, உனக்குத்தான் படிக்கத் தெரியுமே" என்று திட்டினார். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டால்தான் நம்ப முடிந்தது.

வரிசை இதுதான். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஆறிலிருந்து இரண்டு. அடுத்த வாரம் மதியம், இரண்டிலிருந்து பத்து. மூன்றாவது வாரம் இரவு. இந்த லைனில் இரவு வேலைக்குப் போகும் மற்ற ஆறு பேரும் என்னோடு ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். அதனால் ஒரு வரிசை போதும். அடுத்த இரவு வாரம் ஜூலை 29ஆம் தேதி திங்கட்கிழமை.

இரவு வாரத்தில் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் லோகு என் பொறுப்பு. அன்றைக்குக் கோபத்தில் நான் செய்ததை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐயா என்று எழுதாதீர்கள். யாரோ மேனேஜருக்கு எழுதுவது போல இருக்கிறது.

வரதன்



2.8.2024, வெள்ளி

வரதன் அண்ணனுக்கு,

இந்த வாரம் நன்றாகத் தூங்கினீர்களா?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அட்டையில் விசைகளை வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். வாய் பேசாமல், குழாய் இல்லாமல், விரல் மட்டும். சுரத்தை மனதுக்குள் பாட வேண்டும். முதல் நாள் ஒரே கலவரம். மூன்றாம் நாள் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. மணிகண்டன் நான்காவது சுரத்துக்கு எந்த விரல் என்று முதல்முறையாகக் குனிந்து பார்த்தான். ஊதும்போது அவனுக்குப் பார்க்க நேரம் இல்லை, அண்ணா. இத்தனை நாள் சுண்டுவிரலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிள்ளைகள் இதற்கு 'வரதன் வாரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை, அஞ்சம்மாள் அக்கா மேல் சந்தேகம். தலைமை ஆசிரியர் சத்தமாகப் பேசினால்கூட, "சார், வரதன் வாரம் சார்" என்கிறார்கள்.

ஒரு சிக்கல். ஊதும்போது கையைத் தட்டி, வாயால் எண்ணி அவர்களை நடத்துவேன். மௌனத்தில் எப்படி நடத்துவது? உங்கள் ஆலையில் அவ்வளவு இரைச்சலில், மேலே இருக்கும் உங்களுக்கும் கீழே இருக்கும் லோகு அண்ணனுக்கும் பேச்சு எப்படி?

இன்னொன்று. ஸ்நேகாவுக்கு இழுப்பு இருக்கிறது. நான்கு முறை ஊதினால் மூச்சு வாங்குகிறது. பன்னிரண்டு பேரும் வாசிக்கும்போது அவள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ரமீஸா



10.8.2024, சனி

டீச்சருக்கு,

தூங்கினேன். ஐந்து நாளும் ஏழு மணி நேரம். கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோதுகூட இப்படித் தூங்கவில்லை. லோகு என்னைப் பார்த்து, "மூஞ்சி கழுவிக்கினு வந்தியா, பளபளன்னு கீறே" என்றான். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியான வார்த்தை வரவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது. ஆலையில் பேச்சே கிடையாது, எல்லாம் கைதான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால், இறக்கு. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாம் அப்படியே நிற்கட்டும், எதையும் தொடாதே.

இன்னொன்று முக்கியம். சைகை காட்டும் கைக்கு மேலே மற்றக் கையை விரித்து, அசைக்காமல் குடை மாதிரி பிடித்தால், மெல்ல. மெல்ல என்றால் சும்மா மெல்ல இல்லை. கீழே ஆள் இருக்கிறான், பார்த்துச் செய் என்று அர்த்தம். லோகு அதைக் காட்டினால் நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன்.

இதையெல்லாம் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் முதல் பெஞ்சில் இருக்கிறதே ஒரு பெண், அதைக் கேளுங்கள். லோகு ஊட்டில் அப்பனும் மகளும் சோறு கேட்பதே இப்படித்தான்.

வரதன்



13.9.2024, வெள்ளி

அன்புள்ள வரதன் அண்ணனுக்கு,

இது மூன்றாவது வரதன் வாரம். உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும்.

ஸ்நேகாவை முன்னால் நிற்க வைத்தேன். ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டேன். அவள் விரலை மேலே சுழற்றினால் பன்னிரண்டு பேரும் சுரத்தில் ஏறுகிறார்கள். கீழே காட்டினால் இறங்குகிறார்கள். அவள் கையைக் கோத்தால் மணிகண்டன் தும்மலைக்கூட அடக்கிக்கொள்கிறான். ஊதும் வாரத்திலும் இதே சைகைதான். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். இத்தனை நாள் ஓரத்தில் இருந்த பெண், "மிஸ், அவன் என் கைய பாக்கவே மாட்றான்" என்று மற்றவர்களை என்னிடம் மாட்டிவிடுகிறாள்!

நானே கட்டிய சின்ன மெட்டு ஒன்று இருக்கிறது. ஏழே வரி. பிள்ளைகள் அதை முழுதாக வாசித்துவிட்டார்கள். உங்கள் தூக்கம் கெட்ட கதை எனக்கு வந்து சேராவிட்டால் இந்தச் சைகையும் எனக்கு வந்து சேர்ந்திருக்காது. கோபமாக எழுதினாலும் பெயர் போட்டு எழுதினீர்களே, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ரமீஸா



11.11.2024, திங்கள்

திரு. வரதன் அவர்களுக்கு,

இன்று வட்டாரக் கல்வி அலுவலரிடமிருந்து உத்தரவு வந்தது. பொதுமக்களுக்கு இடையூறு என்று மனு வந்திருப்பதால் இசை வகுப்பை உடனே நிறுத்த வேண்டும். பன்னிரண்டு மெலோடிகாவையும் இந்த மாத இறுதிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவை வேறு பள்ளிக்குப் போகும்.

மனுவின் நகலை இணைத்திருக்கிறார்கள். தேதி 12.7.2024. ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து உங்களுடையது.

மேலே எழுத வேண்டியிருக்கும் என்று எனக்கு எழுதிய அதே நாளில் மேலே எழுதியும் போட்டுவிட்டீர்கள். அதன் பிறகு இந்த நான்கு மாதமும் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இது உங்கள் இரவு வாரம். அதனால் இன்றும் யாரும் ஊதவில்லை. பிள்ளைகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ரமீஸா



13.11.2024, புதன்

டீச்சருக்கு,

நீங்கள் கேட்டது நியாயம். மறைத்தது நான்தான்.

அன்றைக்குக் கோபத்தில் லைனில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டுவிட்டுத்தான் உங்களுக்கும் எழுதினேன். உங்கள் பதில் வந்ததும் வெட்கமாகிவிட்டது. சர்க்காருக்குப் போட்ட மனு, கிணற்றில் போட்ட கல், அப்படியே கிடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். நீங்கள் நன்றி நன்றி என்று எழுத எழுத, சொல்வது இன்னும் கஷ்டமாகிப் போனது. அந்தக் கல் இப்போது மிதந்து வந்து உங்கள் பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கிறது.

நேற்றுக் காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. ஆறு பேரையும் அதே பஸ்ஸில் உட்கார வைத்து, மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். "வரதா, போட்டதும் நீ, எடுக்கறதும் நீ, இன்னா பேஜாரு இது" என்றார்கள். ஆனால் எல்லாரும் போட்டார்கள். அலுவலகத்தில் பத்து மணி முதல் ஒரு மணி வரை நின்றேன். அலுவலர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "தூக்கம் கெடுதுன்னு நீங்கதானே எழுதினீங்க?" என்றார். "ஆமாங்க சார். இப்ப அந்தப் பள்ளிக்கூடம்தான் என்னைத் தூங்க வைக்குது" என்றேன். உங்கள் கடிதங்களைக் கொண்டுபோயிருந்தேன். உங்களைக் கேட்காமல் காட்டிவிட்டேன், மன்னியுங்கள். எல்லாவற்றையும் படித்தார். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்றார்.

தூங்காமல் கிரேன் ஏறியிருப்பேனோ என்று பயப்படாதீர்கள். நேற்று இரவு லீவு போட்டேன். பதினொரு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் போட்ட முதல் லீவு.

பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், வரதன்தான் காரணம் என்று சொல்லுங்கள்.

வரதன்



22.11.2024, வெள்ளி

வரதன் அண்ணனுக்கு,

மூன்று நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தப்பை யார்தான் செய்யவில்லை? ஆனால் தூங்காத கண்ணோடு வரிசையில் நின்று, அதை நானே செய்தேன் என்று சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேற்று அலுவலர் வந்தார். சொல்லாமல் வந்தார். ஸ்நேகா நாற்காலியில் ஏறினாள். ஏழு வரியும் வாசித்தார்கள். மணிகண்டன் நான்காவது சுரத்தில் வழுக்கவில்லை. அலுவலர், "இது என்ன சைகை?" என்று கேட்டார். "எங்கப்பா கம்பெனி சைகை சார். மேல வரதன் மாமா இருப்பாரு" என்றாள். பிறகு அவர் உங்கள் ஷிஃப்ட் வரிசையைக் கேட்டு வாங்கி, அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். அட்டை விசை வாரம் எப்போது, ஊதும் வாரம் எப்போது என்று இப்போது அலுவலர் கையெழுத்தோடு தொங்குகிறது. மெலோடிகா எங்கேயும் போகவில்லை.

தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். பிறகு வந்து கணக்கு நடத்தினேன்.

பிப்ரவரி 28 ஆண்டு விழா. காலை பத்து மணி. நாள் குறித்தது மேலிடம். பலகையைப் பார்த்தேன், அது இரவு வாரமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இல்லாமல், இந்தப் பக்கம் வந்து ஒரு முறை கேட்க மாட்டீர்களா?

ரமீஸா



1.3.2025, சனி

டீச்சருக்கு,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை.

நானும் லோகுவும் வார விடுப்பை மாற்றி, வெள்ளிக்கிழமை இரவுக்கு வாங்கியிருந்தோம். காலையில் ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து, புதுச் சட்டை போட்டு, ஒன்பது மணிக்கே முதல் வரிசையில் உட்கார்ந்தோம். உங்களை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசினார்கள். ஸ்நேகா நாற்காலியில் ஏறியது ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் ஊத ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. முதல் வரி. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லோகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "முட்ஞ்சுதுடா" என்றான். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. உங்களைத் தேடினேன், விருந்தாளிகளை வழியனுப்பப் போயிருந்தீர்கள். நான் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஏழு மாதம் இந்தப் பிள்ளைகள் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தன. எனக்கு ஒரே ஒரு வேலை, உட்கார்ந்து கேட்பது. அதை நான் செய்யவில்லை. மணிகண்டன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்? ஸ்நேகா முகத்தில் எப்படி விழிப்பேன்?

வரதன்



3.3.2025, திங்கள்

அன்புள்ள வரதன் அண்ணனுக்கு,

லோகு அண்ணன் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று அஞ்சம்மாள் அக்கா சொன்னார். டீச்சர் எழுதினால்தான் சரியாக இருக்கும் என்றாராம். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டாவது வரியில் உங்கள் தலை சாய்ந்தது. லோகு அண்ணன் உங்களை எழுப்பத் தோளில் கை வைக்கப் போனார். அப்போது நாற்காலி மேல் இருந்த ஸ்நேகா பாட்டை விட்டுவிட்டு, அவள் அப்பாவைப் பார்த்துக் கையைக் கோத்தாள். எல்லாம் அப்படியே நிற்கட்டும், எதையும் தொடாதே. லோகு அண்ணன் கை அந்தரத்திலேயே நின்றது.

பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். முந்நூறு பேர் உள்ள பந்தலில் ஒரு சத்தம் இல்லை. என்ன ஆனது என்று எனக்கே புரியவில்லை. அவள் திரும்பினாள். வலது கை விரலைச் சுழற்றினாள். இடது கையை விரித்து அதன்மேல் குடை மாதிரி பிடித்தாள்.

மெல்ல. கீழே ஆள் இருக்கிறான், பார்த்துச் செய்.

இந்தச் சைகையை நான் அந்த மெட்டுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அண்ணா. பன்னிரண்டு பிள்ளைகளும் மூச்சை அடக்கி அடக்கி ஊதினார்கள். அவ்வளவு மெல்லிசாக அவர்கள் வாசித்து நான் கேட்டதே இல்லை. நான்காவது சுரம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மணிகண்டன் வழுக்கவில்லை. முடிந்ததும் அவள் மறுபடி கையைக் கோத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் இருந்த உங்கள் ஆலைக்காரர்களுக்கு அது புரிந்துவிட்டது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கை தட்டவில்லை. சிறப்பு விருந்தினர்கூடத் தட்ட எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அவர்கள் உங்களுக்காக வாசித்தார்கள். பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று பலபேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் இதைச் சொல்வேன். உங்களுக்கு என் நன்றி. அந்த ஏழு கையெழுத்துக்கும் சேர்த்துத்தான்.

ஸ்நேகா உங்கள் மேல் கோபமாக இல்லை. "மாமா நல்லா தூங்கினாரா மிஸ்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். மணிகண்டனுக்குத்தான் கொஞ்சம் குறை, அவன் நான்காவது சுரத்தை நீங்கள் கேட்கவில்லையாம்.

பலகையைப் பார்த்தேன். இந்த வாரம் உங்களுக்குக் காலை ஷிஃப்ட். இன்று இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். மூன்றே காலுக்குப் பள்ளிக்கு வாருங்கள், ஏழு வரியும் மறுபடி வாசிப்பார்கள். வாசலில் ஸ்நேகா நிற்பாள். இன்றைக்கு விரலை மேலே நீட்டி, 'தூக்கு' என்றுதான் காட்டப்போகிறாளாம்.

ரமீஸா